பில் குறைந்துபோன கோடை

கரண்ட் பில் கூடிவிட்டது என்று புகார் கொடுக்கப் போனவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். குறைந்துவிட்டது என்று புகார் கொடுக்கப் போனவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவர் என்னைப் பெற்ற அப்பா.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். மத்திய அரசாங்கத்தில் தணிக்கை வேலை. வெளியூர்களுக்குப் போய் மற்றவர்கள் எழுதிய கணக்கில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்க அவருக்குத் தெரியாது. கூட்டிய கணக்கு உதைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. கூடுதலாக உதைத்தாலும் அப்படித்தான், குறைவாக உதைத்தாலும் அப்படித்தான்.

அந்த வருஷம் குளிர் முடிகிற சமயத்தில் அத்தை வந்தாள். அப்பாவுக்கு நேர் இளையவள். மாமா இறந்ததும் கொழுந்தன்மார் வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பங்கில் அத்தை யாருக்கும் வரவில்லை. சித்தப்பா வீட்டில் கொஞ்ச காலம், பெரியம்மா வீட்டில் கொஞ்ச காலம் என்று இருந்துவிட்டு, கல்கத்தாவுக்கு வந்த ஒரு தெரிந்த குடும்பத்தோடு ரயிலேறி எங்களிடம் வந்து சேர்ந்தாள். ஒரு தகரப் பெட்டி, ஒரு பை. அடுக்களைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. சாப்பிடும்போது நான்தான் ஒருநாள், "அத்தை எப்ப ஊருக்குப் போவாங்க?" என்று கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் நீலம் பாரித்துக் கிடந்தது.

அப்பா கிள்ளவில்லை. ஆனால் அவர் அடித்த அடி அதைவிடப் பலம். "லீவு சமயத்துல டிக்கெட் கெடைக்காது. போறதா இருந்தா இப்பவே சொல்லிரணும்" என்றார். அவர் அதைக் கணக்காகத்தான் சொன்னார். ரயில், டிக்கெட், கூட்டம், அவ்வளவுதான் அவர் மண்டைக்குள் இருந்தது.

"சொல்லுதேன் அண்ணே" என்றாள் அத்தை. அதற்குப் பிறகு அவள் மோர் விட்டுக்கொள்ளவில்லை.

அப்பாவுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. அலுவலகத்திலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன் வீடு முழுக்க ஒரு சுற்று சுற்றி, சும்மா எரிகிற விளக்கு, சும்மா சுற்றுகிற ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வருவார். ஒருநாள் சின்ன அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வாசலில் நின்றபடியே கையை மட்டும் உள்ளே விட்டு சுவிட்சைத் தட்டினார். "ஆளில்லாத ரூம்ல ஃபேன் சுத்துது. யாருக்காவச் சுத்துது?" என்று சத்தம் போட்டுக்கொண்டே போய்விட்டார்.

அறையில் ஆள் இருந்தது. கதவுக்குப் பின்னால் பாயில் அத்தை படுத்திருந்தாள். அவள் காலடியில் உட்கார்ந்து சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தை உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அட, கண்ணாமூச்சி போலிருக்கிறது என்று நானும் வாயைப் பொத்திக்கொண்டேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் அப்படியே படுத்திருந்தாள். அன்றைக்குப் பிறகு அந்த ஃபேன் சுற்றவே இல்லை.

கல்கத்தா கோடையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெயில் என்றால்கூடப் பரவாயில்லை. அது புழுக்கம், இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி. அந்தப் புழுக்கத்தில் அத்தை ஒரு பனையோலை விசிறியை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள். கேட்டால், "எனக்கு ஃபேன் காத்து ஆவாது தாயி, மேல் வலிக்கும்" என்பாள். நம்பிவிட்டோம். நம்புவதுதானே வசதி!

அது மட்டுமா? மிக்ஸியை எடுத்து அட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். கீழ் வீட்டில் குடியிருந்த வீட்டுக்கார அம்மாளிடம் (மாஷிமா என்று கூப்பிடுவோம்) அம்மிக்கல் மாதிரி ஒரு கல் இருந்தது. பாஷை தெரியாமல் கையைக் காட்டியே அதை இரவல் வாங்கி வந்து தேங்காய்த் துவையல் அரைத்தாள். "இதுல்லா துவையல்!" என்று அப்பா விரலை நக்கினார். குளிக்க வெந்நீர் ஹீட்டரில் போடுவதை விட்டுவிட்டு மண்ணெண்ணெய் அடுப்பு அணைந்த சூட்டில் வைத்தாள். என் பள்ளிக்கூடச் சீருடையைச் செம்பில் கொதிநீர் ஊற்றி, அதையே இஸ்திரிப் பெட்டியாக்கித் தேய்த்து மடித்தாள். பொழுது சாய்வதற்குள் எனக்குப் பால்கனியில் பாடம் முடிந்துவிடும். அம்மாவுக்கோ பாதி வேலை குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். கரண்ட் போய்விட்டால் தெருவே 'ஆ' என்று அலறும். அத்தை மட்டும் நிம்மதியாக பால்கனிக்கு வந்து எங்களோடு உட்காருவாள். அப்போது எல்லார் கையிலும் விசிறி இருக்கும்.

பில் வந்தது. அப்பா அதை ஒருமுறை பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். மூன்று பேர் இருந்த வீட்டில் நாலாவதாக ஒரு ஆள் வந்திருக்கிறது, கோடையும் வந்திருக்கிறது, பில் மட்டும் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. அடுத்த பில் அதைவிடக் குறைவு.

"மீட்டர் படுத்துட்டு" என்று தீர்ப்புச் சொன்னார் அப்பா.

"படுத்தா படுக்கட்டுமே! சும்மா கெடக்கற சங்கை ஊதிக் கெடுக்காதிய" என்றாள் அம்மா.

"நாளைக்கு அவன் வந்து பாத்துட்டு, நீதான் மீட்டர்ல கை வச்சேன்னு சொன்னா? சர்க்கார் உத்தியோகம் பாக்கவன், கரண்ட் திருடுனான்னு பேர் வந்துராதா?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மின்சார அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த குமாஸ்தா அப்பா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு, "இவர் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள்" என்றார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அப்பாவுக்கு டீ எல்லாம் வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு ஒரு பிஸ்கட்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மீட்டர்காரர் வந்தார். மாடிப்படிக்குக் கீழே வரிசையாக மாட்டியிருந்த கறுப்பு மீட்டர்களில் எங்களுடையதைத் திறந்து, வீட்டில் எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். உள்ளே இருந்த தட்டு நின்றது. ஒரு குண்டு பல்பை மட்டும் போடச் சொன்னார். தட்டு சுற்றியது, அதன் ஓரத்துச் சிவப்புக் கோடு வந்து வந்து போயிற்று. கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டு மீட்டர் சரியாக இருக்கிறது என்றார். அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. மீட்டர் சரி என்றால் திருட்டு வயர் எங்கேயோ இருக்கிறது என்றல்லவா அர்த்தம்! அந்த மனிதருக்கும் அதே சந்தேகம்தான். அறை அறையாக சுவிட்சுகளைத் தட்டிக்கொண்டே போனார். பின்னால் அப்பா, அப்பாவுக்குப் பின்னால் அம்மா, கடைசியில் நான்.

சின்ன அறையில் அத்தை பெட்டியை ஒட்டி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். மீட்டர்காரர் ஃபேன் சுவிட்சைப் போட்டார். ஃபேன் 'ம்ம்' என்று முனகியது, நகரவில்லை. எல்லோரும் மேலே பார்த்தோம். இறக்கையிலிருந்து உத்தரத்துக்கும், உத்தரத்திலிருந்து ஜன்னலுக்கும் சிலந்தி வலை பின்னியிருந்தது. கீழே பாயில் ஓலை விசிறி. அதன் ஓரம் பிய்ந்து துணி வைத்துத் தைத்திருந்தது.

"இந்த அறையில் யாரும் இருப்பதில்லையா?" என்று அவர் பெங்காலியில் கேட்டார்.

அத்தைக்குப் பாஷை புரியவில்லை. ஆனால் ஒரு வெளியாள் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்று தன்னைப் பார்ப்பது புரிந்தது. "நான் ஒண்ணையும் தொடல அண்ணே. சத்தியமாத் தொடல. சுவிட்சு பக்கமே போவல" என்றாள்.

"ஏன் போடல? இந்தப் புழுக்கத்துல ஏன் ஃபேன் போடல?" என்றார் அப்பா.

"ஆளில்லாத ரூமுக்கு எதுக்குன்னு நீங்கதான அண்ணே சொன்னிய. நான் அன்னைக்குக் கதவுக்குப் பின்னால கெடந்தேன். எந்திரிச்சு வந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு..." முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "என்னால பில்லு கூடுச்சுன்னு வந்துரக் கூடாது. எனக்கு வேற போக்கிடம் இல்ல அண்ணே."

அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. விறுவிறுவென்று போய் நாற்காலியை இழுத்து வந்து போட்டு, அதன்மேல் ஏறி, வெறுங்கையால் அந்த வலையை வாரி வாரி எடுத்தார். தலையெல்லாம் ஒட்டடை. இறக்கையை ஒரு தள்ளு தள்ளினார். அது மெல்லச் சுற்றத் தொடங்கி, மூன்று மாசத் தூசியை எங்கள் எல்லோர் தலையிலும் கொட்டியது. மீட்டர்காரர் தும்மினார். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். எனக்கு ஒரே குஷி.

தும்மல் ஓய்ந்ததும் மீட்டர்காரர் தன் தாளில் ஏதோ எழுதினார். பிறகு அத்தையைக் காட்டி அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டார். அப்பா நாற்காலியிலிருந்து இறங்காமலே, "ஆமார் போன். எகானேய் தாகே" என்றார். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அப்பாவும் கை கழுவப் போய்விட்டார்.

அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள். "என்னட்டி கேட்டாரு அவரு? அண்ணன் என்ன சொன்னாங்க?"

எனக்குத் தமிழைவிடப் பெங்காலி சரளம். "நீங்க ஊர்லேந்து சும்மா வந்திருக்கீங்களான்னு அவர் கேட்டார். 'என் தங்கச்சி, இங்கயேதான் இருக்கா' அப்படின்னு அப்பா சொன்னாங்க."

"திரும்பச் சொல்லு."

சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னாள். மறுபடியும் சொன்னேன். பிறகு பெங்காலியில் எப்படிச் சொன்னாங்களோ அப்படியே சொல்லு என்றாள். கீழே மாஷிமாவின் பேத்தி என்னை விளையாடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இத்தனூண்டு வாக்கியத்தை ஒரு மனுஷிக்கு எத்தனை தடவைதான் சொல்வது? கையை உதறிக்கொண்டு ஓடிப்போய், அத்தைக்குக் காது மந்தமாகிவிட்டது, டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.