ஆளுநரைத் தோளில் சுமந்தவர்

இலங்கையின் தெற்கே ஒரு மாகாணத்துக்கு ஆளுநராக இருந்தவர் ரொறொன்ரோவுக்கு வருகிறார் என்றதும் அப்பா போட்டுக்கொண்டு போகப் புதுச் சேட்டு வேண்டும் என்றார். என்னிடம் எதையும் கேட்டு வாங்குகிற மனிதர் இல்லை அவர்.

அந்த ஆளுநரின் கந்தோரில் அப்பா தமிழ் உத்தியோகத்தராக இருந்தவர். ஆளுநர் கொழும்பில் காரில் பள்ளிக்கூடம் போனவர், லண்டனில் சட்டம் படித்தவர், எந்த அரசாங்கம் வந்தாலும் தன் பதவிக் கதிரையைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டவர். தமிழர்தான். ஆனால் தமிழில் நாலு வரி எழுத வராது. தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் அவர் பேசிக் கைதட்டு வாங்கியதெல்லாம் அப்பா எழுதிக் கொடுத்தவை.

ஒருமுறை ஆளுநர் மனதைத் தொடுகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அப்பா தன் கதையையே எழுதிக் கொடுத்தார். மட்டக்களப்பில், படுவான்கரையை வெள்ளம் மூடிய வருடம், புலமைப்பரிசில் சோதனைக்கு அப்பாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் வயலைக் கடந்தார் அவருடைய அப்பா, என் அப்பப்பா. ‘எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை’ என்று எழுதியிருக்கலாம். பேசுகிறவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று ‘நான்’, ‘என் அப்பா’ என்றே எழுதினார். கந்தோரில் அதுதான் முறையாம். அவருடைய இந்த விசுவாசம் எனக்கு எப்போதுமே எரிச்சல்.

ஆளுநருக்கு வரவேற்பு விழா ஸ்காபரோவில். நாங்கள் இருக்கிற அஜக்ஸிலிருந்து என் மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். அப்பாவுக்கு ஒரே ஓர் ஆசைதான். ஆளுநர் மேடையில் தன் பெயரை ஒருதரம் சொல்ல வேண்டும், அதை எங்கள் சனம் கேட்க வேண்டும். இங்கே அவரைத் தொழிற்சாலையில் பெட்டி மடித்த கிழவராகத்தான் எல்லோருக்கும் தெரியும்.

முன்வரிசைச் சோபாக்களில் வீடு விற்கிறவர்களும் அதற்கு மோட்கேஜ் கடன் எடுத்துக் கொடுக்கிறவர்களும் இருந்தார்கள். விழாவுக்குக் காசு போட்டவர்கள் அல்லவா. எங்களுக்குத் தூணுக்குப் பின்னால் இடம். பொன்னாடைக்கு மேல் பொன்னாடையாகப் போர்த்தி ஆளுநரை அவித்து எடுத்தார்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஒருவர் வாசித்தார். படிப்பு, பதவி, விருது என்று அது நீண்டுகொண்டே போனது.

பிறகு ஆளுநர் பேசினார். நடுவில் குரலைத் தாழ்த்தி, வெள்ளம் வந்த வருடம் என்று தொடங்கினார். தோள், கழுத்தளவு தண்ணீர், ஈரத்தோடு பள்ளிக்கூட வாசலில் காத்து நின்ற தகப்பன். ஒரு சொல் பிசகவில்லை. நான் எழும்பினேன். அப்பா என் கையைப் பிடித்து இருத்தினார். அவருடைய உதடுகள் ஆளுநரோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன. சனம் கண்ணைத் துடைத்தது. கடைசியில் ஆளுநர் மண்டபக்காரருக்கும் மைக் பிடித்தவருக்கும் நன்றி சொன்னார். அப்பாவின் பெயர் வரவில்லை.

அப்பா அப்போதும் விடவில்லை. படம் எடுக்கும் வரிசையில் போய் நின்றார். ஆளுநர் அவருடைய தோளில் கையைப் போட்டு, கமராவைப் பார்த்தபடியே, “நீங்கள் எந்த ஊர்?” என்று கேட்டார். அப்பா சொன்னார். நல்ல இடம் என்று கேள்விப்பட்டிருப்பதாகச் சொல்லிவிட்டு ஆளுநர் அடுத்த ஆளுக்குத் திரும்பினார்.

திரும்பி வரும்போது காரில் வாய்விட்டே சொன்னேன். “உங்கட அப்பாவையே அந்தாள் எடுத்துக்கொண்டு போயிட்டுது. பேத்திக்காவது உண்மையைச் சொல்லுங்கோ.”

அப்பா பின்சீற்றில் இருந்த என் மகளின் பக்கம் திரும்பி, தன்னுடைய அப்பா தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வெள்ளத்துக்குள்ளால் போன கதையைத் தொடங்கினார்.

மகள் போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

“அப்பப்பா, அது அந்த கவர்னர்ட ஸ்டோரி. உங்கட எண்டு ஆக்களிட்ட சொல்லாதேங்கோ. எம்பரஸிங்கா இருக்கும்.”

நான் வாயைத் திறக்க முதல் அப்பா முந்திக்கொண்டார்.

“ஓம் பிள்ளை,” என்றார். “அவர்ட கதைதான்.”