சோற்றுக்கு அழும் கண்

சோறு வாயில் பட்டால் என் இடது கண் அழும். துக்கமும் இல்லை, காரமும் இல்லை. தயிர்ச்சோற்றை மென்றாலும் பொலபொலவென்று ஊற்றும். வலது கண் தன் பாட்டுக்குச் சும்மா இருக்கும். மறைவாகப் போய்ச் சாப்பிடு என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன்: போங்கய்யா, உங்க சோலியப் பாருங்க.

நான் ஏற்காட்டில் ஜீப் ஓட்டுகிறேன். வீடு நாகலூரில். ஒரு நாள் காலை வாய் கொப்பளித்தேன், தண்ணீர் இடது பக்கமாக வழிந்து சட்டையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் தொங்கிப்போயிருந்தது. "பனியில தலைக்குத் துண்டு கட்டாம ஓட்டுனா காத்து அடிக்காம என்ன பண்ணுமுங்க?" என்று என் மனைவி அழுதுகொண்டே திட்டினாள். சேலத்து டாக்டரம்மா, அது முகவாதம், முகத்து நரம்பு கெட்டிருக்கிறது, மெல்லத் திரும்ப வளரும் என்றார். மாதக்கணக்கில் ஆனாலும் வளரத்தான் செய்தது. வாய் கிட்டத்தட்ட நேரானது. அப்புறம்தான் இந்தக் கண்ணீர் வந்தது.

பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் தோசையைப் பிட்டு வாயில் வைத்தேன், ஒற்றைக் கண்ணில் நீர் வழிந்தது. "ஏனுங்க, சட்னி காரமுங்களா?" என்று கடைக்காரர் பதறினார். மறுநாள் இட்லிக்கும் அழுதேன். அதற்கடுத்த நாள் அவரே தள்ளி உட்கார்ந்துகொள்ளச் சொன்னார், வருகிற கிராக்கி பயப்படுகிறதாம். நான் நடு மேசையில் உட்கார்ந்து இரண்டு தோசை கூடுதலாகக் கேட்டேன்.

டாக்டரம்மாவிடம் மறுபடி போனேன். "எச்சில் சுரக்க வைக்கிற நரம்பு இழை, திரும்ப வளர்றப்ப வழி மாறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போயிடுச்சுங்க. அதான் நீங்க மெல்லுறப்ப கண்ணு சுரக்குது" என்றார்.

"அப்ப மொதல்ல மட்டும் எப்படிங்க சரியாப் போச்சு?"

அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். அது எனக்குப் பிடித்தது. கருவில் இருக்கும்போது ஒவ்வொரு நரம்பு இழையும் நுனியை விரித்துத் தடவித் தடவித்தான் போகுமாம். வழிநெடுக உள்ள உயிரணுக்கள் சில பொருட்களைக் கசியவிட்டு, இந்தப் பக்கம் வா, அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லுமாம். போய்ச் சேர வேண்டிய இடமும் தன் பங்குக்கு அழைக்குமாம். அப்படியும் தப்பாகப் போனவை பெரும்பாலும் பட்டுப்போகும். வளர்ந்த உடம்பில் அந்த ஏற்பாடெல்லாம் முன்னைப் போல இருக்காதாம். கொண்டை ஊசி வளைவில் பனி இறங்கினால் நானும் ஓரச் சுவரைப் பார்த்துத்தான் வண்டியை உருட்டுவேன். சுவரும் இல்லாவிட்டால் என்ன கதி?

ஊசி போட்டு அந்தச் சுரப்பியை அடக்கிவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். கெட்டுப்போன நரம்பு அது, யார் துணையும் இல்லாமல் வளர்ந்து ஏதோ ஓர் இடத்துக்குப் போய் வேலையும் பார்க்கிறது. அதைப் போய் நான் அடக்குவதா!

அப்புறம் என் மகளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை வீடு குப்பனூர். முகூர்த்தம் முடிந்து சம்பந்திகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பந்தி. என் மனைவியின் அண்ணன் என்னை ஓரமாக இழுத்தார்.

"மாப்ள, இலையில கண்ணீரு உழுந்தா அவங்க அபசகுனம்னு எடுத்துக்குவாங்க. நீங்க சமையக்கட்டுல சாப்புட்டுக்குங்க. உங்க எடத்துல நான் உக்காந்துக்கறேன்."

எனக்கு உச்சி வரைக்கும் ஏறியது. பெற்று வளர்த்து, ஜீப் ஓட்டிப் படிக்க வைத்தவன் நான். என் மகள் கல்யாணப் பந்தியில் என் இலைக்கு இன்னொருவரா? "எந்திரிச்சு ஓடறதுன்னா அவங்க ஓடட்டுமுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போய் முதல் இலையில் உட்கார்ந்தேன். முதல் கவளத்துக்கே ஊற்றியது. துடைக்கவில்லை. மண்டபமே பார்த்தது.

"ஏனுங்க, பொண்ணக் குடுக்க மனசில்லீங்களா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டுவிட்டார்.

"மனசு நொம்ப இருக்குதுங்க. இது என்ற எச்சில் நரம்பு. ஊடு மாறிக் கண்ணுக்குக் குடிபோயிருச்சு. பாயசம் நல்லாருக்குதுன்னு சொல்லுது, வேறொண்ணுமில்லீங்க."

அந்தம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப இன்னுமொரு கரண்டி ஊத்துங்கப்பா சம்பந்திக்கு!" என்றார். நான் மச்சானைப் பார்த்துக்கொண்டே குடித்தேன்.

சாயங்காலம் மகள் குப்பனூர் கிளம்ப காரில் ஏறினாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முகமெல்லாம் ஈரம். "ஒண்ணுமில்லீங்க, நரம்புக் கோளாறு. வெத்தல போட்டிருக்காரு" என்று மச்சான் பின்னாலிருந்து எல்லோருக்கும் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மகள் என் முகத்தையே பார்த்தாள்.

"இல்லீங்க மாமா," என்றாள். "ரெண்டு கண்ணுலயும் வருது."