உப்பல் வீட்டில் அப்பா கட்டிய கேக் அடுப்பு

நவம்பர் வந்தால் எங்கள் உப்பல் வீட்டு சமையலறை முழுக்க ரம் வாசனைதான். உலர்திராட்சை, முந்திரி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் பீங்கான் ஜாடியில் ஊறிக்கொண்டிருக்கும். திருட்டுத்தனமாக ஒன்றிரண்டை வாயில் போட்டால் அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிடும்...

வீட்டில் ஓவன் கிடையாது. கிறிஸ்துமஸ் வாரத்தில் மாவைக் கலந்து டின்களில் ஊற்றி, பேர் எழுதிய சீட்டை ஒட்டி, செகந்திராபாத்தில் ஒரு பேக்கரிக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போவோம். நாங்கள் முன்பு குடியிருந்த ரயில்வே காலனியில் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள். நம் கேக் அடுத்தவர் வீட்டுக்குப் போய்விடக் கூடாதே என்று அம்மா அடுப்புப் பக்கத்திலேயே காவல் இருப்பார்.

நான் காலேஜ் கடைசி வருஷம் படித்தபோது பேக்கரிக்காரர் கையை விரித்துவிட்டார். அவர்கள் ஆர்டருக்கே நேரம் போதவில்லையாம்.

பழமோ ஊறி முடிந்தாயிற்று. பழைய காலனிக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அம்மாவுக்கு அது கிறிஸ்துமஸே இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வருஷம்கூட விட்டதில்லை. முகம் தொங்கிப்போய் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா சும்மா இருப்பாரா?

"கைக்கு? எதுக்குப் போய் அவன்கிட்ட கெஞ்சணும்? பின்னாடி இவ்ளோ இடம் கெடக்கு. நானே கட்டுறேன்."

அப்பா ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேன். நெருப்பு விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது.

காம்பவுண்டுச் சுவர் கட்டியதில் மிஞ்சிய செங்கல் இருந்தது. செம்மண்ணைக் குழைத்து நானும் மிதித்தேன். ஈர மணலைக் குவித்து, அதன்மேல் செங்கலை வளைத்து அடுக்கி, காய்ந்ததும் அடுப்பின் வாய் வழியாக மணலைத் தோண்டி எடுத்தோம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏமண்டி, குடி கடுதுன்னாரா?" என்றார். கோயில் கட்டுகிறீர்களா என்று. அப்பாவுக்கு ஒரே பெருமை, போங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் விறகு எரிந்தது. வருஷா வருஷம் பேக்கரியில் நின்று பார்த்த அம்மா சொன்னார்:

"நெருப்ப முழுசா வெளிய இழுத்துடுங்க. கல்லு சூட்டுலதான் கேக் வேகணும்."

"நக்கோ, அதெல்லாம் வேணாம்! ஓடுற வண்டில எவனாச்சும் நெருப்ப எறக்குவானா? நீ டின்ன வை."

அம்மா ஒரு டின்னை வைத்தார். அப்பா ஓரமாக விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியில் வெளியே வந்தது கேக் இல்லை, கரி. வெட்டினால் உள்ளே பச்சை மாவு வழிந்தது.

அம்மா கண் கலங்க, மிச்ச டின்களைத் துணியால் மூடினார்.

அப்பா மண்வெட்டியை எடுத்து, கங்கு மொத்தத்தையும் வெளியே இழுத்துப் போட்டார். ஈரச் சாக்கால் உள்ளே துடைத்தார்.

"வா... நீயே வை. நான் கிட்டயே வரல."

அம்மா கையை நீட்டிச் சூடு பார்த்தார். சற்று ஆறவிட்டு, டின்களை வைத்து, தகரத்தால் வாயை அடைத்தார். மூன்று பேரும் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். நல்ல வாசனை கிளம்பியதும் அம்மா திரும்பினார்.

"ஹவ், ஆமா, அடுப்பு நல்லாதான் கட்டிருக்கீங்க. நீங்கதான் சும்மா இருக்க மாட்டீங்க."

அன்று சாயங்காலம் காலனியில் வீட்டுக்கு வீடு, "எங்க வீட்டுக்காரர் கட்டின அடுப்புல சுட்டது" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு டிசம்பரும் அதே சண்டைதான். அம்மா இழுங்க என்பார், அப்பா இரு என்பார்...

இப்போது அப்பா இல்லை. உப்பல் வீடு இருந்த இடத்தில் அபார்ட்மென்ட் வந்துவிட்டது. அம்மா என்னோடு பேகம்பேட் ஃப்ளாட்டில் இருக்கிறார். பெரிய ஓவன் வாங்கிப் போட்டிருக்கிறேன். சூடு, நேரம் எல்லாம் செட் பண்ணிவிட்டு டிவி பார்க்கப் போகலாம். ஒரு கேக்கும் கருகியதில்லை.

போன டிசம்பரில் கேட்டேன், "ஈஸியா இருக்குல்லம்மா?"

"ஈஸிதான்டி... அதுவே அணைஞ்சிடுது. நெருப்ப இழுங்கன்னு நான் யார்கிட்டப் போய் சொல்றது?"