சித்தி பிடுங்கிய கடைசிச் செடி

சித்தி குனிகிறாள். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மெல்கிறாள், துப்புகிறாள், நோட்டில் எழுதுகிறாள். அடுத்த செடி. பத்து மணிக்குள் நாக்கு பச்சையாகிவிடும். “ஆட்டுக்கு ருசி தெரியுது, சொல்லத் தெரியல. எனக்குச் சொல்லத் தெரியுது. அவ்வளவுதான் வித்தியாசம்” என்பாள்.

தீவன ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்குக் குதிரைமசால்தான் வேலை. பயறு இனத் தீவனச் செடி, கண்டால் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். காலங்காலமாக அறுத்துப் போட்டுத்தான் பழக்கம். மேயவிட்டால் செடி மிதிபட்டுச் செத்துப்போகும். மேய்ச்சலைத் தாங்கும் ரகம் ஒன்றுக்காகச் சித்தி ஒன்பது வருஷமாக ஆட்டை உள்ளே விட்டு, பிழைத்ததில் விதையெடுத்து, விதைத்து, மறுபடி ஆட்டை விடுகிறாள். பள்ளிக்கூடம் என்னையும் இப்படித்தான் வளர்க்கப் பார்த்தது. நான் ஒன்பதாம் வகுப்பிலேயே பட்டுப்போனேன்.

பிழைத்ததிலும் கள்ளன் உண்டு. கசப்பென்று ஆடு தொடாமல் விட்ட செடியும் வீரன் மாதிரி நிற்கும். அதற்குத்தான் மெல்லுவது. கசந்தால் பிடுங்கிவிடுவாள். “இது தாங்கின செடி இல்லடா, தப்பிச்ச செடி.” அப்போதெல்லாம் என்னைப் பார்க்கிறாளோ என்று எனக்கொரு சந்தேகம்.

கசப்புக்கு அவள் முகம் போகும் கோணல் இருக்கிறதே, அதைப் பார்க்கக் காசு கொடுக்கலாம். அதனால் இந்த முறை காய்ச்சல் மாத்திரையைக் கரைத்து, கடைசி வரிசைக் கடைசிச் செடியில் தெளித்தேன். நானும் பெரிய விஞ்ஞானி!

மென்றாள். முகம் கோணியது. வரப்புக்குப் பின்னால் நான் உருண்டு சிரித்தேன். அவள் செடியைப் பிடுங்கினாள். எறியாமல் மடியில் வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன சித்தி, ஒரு செடிதானே?”

“மத்ததெல்லாம் கசந்திடுச்சு. இது ஒண்ணைத்தான் நம்பியிருந்தேன். இதுவும் இல்லேன்னா பண்ணையில வயலை உழுதுடுவாங்கடா.”

வரப்பைத் தாண்டி அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

“சித்தி... செடி கசக்கல. நான்தான் மாத்திரையைக் கரைச்சுத் தெளிச்சேன்.”

அறை விழுமென்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். விழவில்லை. புட்டித் தண்ணீரில் ஓர் இலையை அலசி மென்றாள். துப்பவில்லை, விழுங்கினாள்.

“எருமை! வேர் காயுது, தண்ணி கொண்டா, ஓடு!”

மூளைக்கு இல்லாத வேகம் என் காலுக்கு உண்டு. வாளியோடு வருவதற்குள் தழையை நறுக்கி, குழி தோண்டி, வேரை இறக்கியிருந்தாள். மண்ணைத் தள்ளியவள், என் கையைப் பிடித்திழுத்து வேரடியில் வைத்தாள். அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தினாள், வெகுநேரம் கையை எடுக்கவேயில்லை.