சத்தம் வராத மூடி

வேன் ஸ்டாண்டில் அவரை எல்லோரும் தண்ணி வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் குடிகாரரோ என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டுகிற டிரைவர். பதினெட்டு வருஷமாக, வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பிடித்துப் பாடம் நடத்திவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். குழாய்த் தண்ணீர் கூடாது. ஐஸ் கூடாது. பல் தேய்க்கவும் பாட்டில் தண்ணீர்தான். மூடியைத் திருகும்போது 'டக்'கென்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. கடைசியில், "எங்களைப் பார்த்து நீங்களும் குடிச்சிடாதீங்க, எங்க வயிறு பழகின வயிறு" என்பார். தன் வண்டியில் வந்த யாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை என்பதில் மனிதருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அவருடைய தங்கை ஏழு வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து வந்தாள். கூடவே ஆறு வயது மகள். விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே குழந்தைக்கு அந்த 'டக்' பாடத்தை நடத்தி முடித்துவிட்டார். குழந்தைக்கு அது விளையாட்டாகப் போய்விட்டது. எந்தப் பாட்டில் கிடைத்தாலும் காதோரம் வைத்துத் திருகி, "வந்துடுச்சு மாமா!" என்றது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் மனைவி இரண்டு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேண்டாம் அண்ணி, தப்பா நினைச்சுக்காதீங்க. எங்ககிட்ட பாட்டில் இருக்கு" என்றாள் தங்கை.

அண்ணி தப்பாக நினைக்கவில்லை. அண்ணன்தான் நினைத்தார். இதே வீட்டில், இதே குழாயில் வாய் வைத்துக் குடித்து வளர்ந்த கழுதைக்கு இப்போது நம் தண்ணீர் ஆகாமல் போய்விட்டதா என்று அவருக்குச் சுருக்கென்று தைத்தது. தானே ஊருக்கெல்லாம் சொல்கிற புத்திதான். தன் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் அது அவமானமாகிவிட்டது.

மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். நாலாம் நாள் காலையில் காலி பாட்டில் ஒன்றைச் சமையலறைக்கு எடுத்துப்போய், குழாயில் பிடித்து வைத்திருந்த குடத்திலிருந்து நிரப்பினார். திட்டம் ஒன்றும் பெரிதில்லை. தங்கை ஊருக்குக் கிளம்பும் அன்று, "உன் பொண்ணு நம்ம வீட்டுத் தண்ணியைத்தான் குடிச்சா, என்ன ஆயிடுச்சு?" என்று கேட்டு அவளை மடக்க வேண்டும், அவ்வளவுதான்.

"இந்த விளையாட்டு வேண்டாங்க" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. எனக்குத் தெரியாததா?"

குழந்தை பாட்டிலைக் காதில் வைத்துத் திருகியது. "மாமா, சத்தம் வரலையே."

"உனக்குக் கை வலிக்குமேன்னு மாமாவே திறந்து வெச்சேன்டா கண்ணு."

மாமா சொன்னால் சரிதான். மடமடவென்று குடித்தது.

அடுத்தடுத்த நாளும் அதே குடம், அதே பொய். குடத்துத் தண்ணீர் கொடுக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொண்டன. சாயங்காலத்துக்குள் துவண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன தண்ணி குடிச்சா?" என்பதுதான்.

"பாட்டில் தண்ணி மட்டும்தான் டாக்டர். அதுல நான் ரொம்பக் கவனமா இருந்தேன்" என்றாள் தங்கை.

"அப்போ வேற காரணம் தேடணும். இன்னும் கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்."

நர்ஸ் இன்னொரு கையில் நரம்பைத் தேடினாள். சுவரோரம் நின்றிருந்த அவருக்கு, தான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று தோன்றியது. அந்த நினைப்புக்காகத்தான் பிற்பாடு அவர் அதிகம் கூனிக் குறுகினார். ஊசி இறங்கியதும் குழந்தை, "மாமா" என்று அவரைப் பார்த்து அழுதது.

"தண்ணிதான் டாக்டர்" என்றார். "எங்க வீட்டுக் குடத்துத் தண்ணி. நான்தான் பாட்டில்ல ஊத்திக் கொடுத்தேன்."

டாக்டர் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தார். தங்கை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் மெதுவாகக் கேட்டாள்.

"உன் வண்டியில வர்றவங்களுக்கு இப்படி ஊத்திக் கொடுப்பியா அண்ணா?"



இரண்டு நாளில் குழந்தை எழுந்து உட்கார்ந்தது. தாகமாக இருக்கிறது என்றது. அவர் ஓடிப்போய் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பாட்டில் வாங்கிவந்து, சீல் தெரியும்படி தங்கையிடம் நீட்டினார். அவள் கை நீட்டவில்லை. குழந்தைதான் வாங்கிக்கொண்டது. காதோரம் வைத்துத் திருகியது. 'டக்'.

"வந்துடுச்சு மாமா" என்று சிரித்தது.

ஆனால் உடனே குடிக்கவில்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா தலையாட்டிய பிறகுதான் குடித்தது.