பெர்சிஸும் வெள்ளைப் பூச்சியும்

சட்டைக் கை இரண்டையும் மணிக்கட்டில் நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் பெர்சிஸ் மீன் அறுக்க உட்காருவாள். ஜூலை வெயிலில் மற்றவர்கள் கையைச் சுருட்டிவிட்டு வேலை பார்ப்பார்கள். இவளுக்கு வேர்த்து வழியும். நூலை மட்டும் அவிழ்க்க மாட்டாள். எல்லாம் அந்த வெள்ளைப் பட்டாம்பூச்சிக்குப் பயந்துதான். பனி உருகியதும் ஆற்றங்கரைப் புதரிலிருந்து கிளம்பிவிடும் சனியன்! மீன் ஈரம் என்றால் அதற்கு உயிர்.

உறைந்த ஆற்றின் பனி பிளந்து வண்டியோடு உள்ளே போனபோதும், எப்படியோ கரையேறி வந்து டீ போட்டுக் குடித்தவள் இவள். அப்படிப்பட்டவள் பூச்சிக்குப் பயப்படுவதால், கனடாவின் வடகோடியில் இருக்கும் அக்லாவிக் ஊர் முழுக்க இவளைப் பற்றித்தான் கேலி. நாத்தனார் டாப்ஸிக்கோ வாய் சும்மா இருக்காது.

“அண்ணி, பின்னால பாருங்க, உங்க ஆளு வந்துட்டாரு!”

பெர்சிஸ் கத்தியைப் போட்டுவிட்டுத் துள்ளி எழுவாள். “விளையாடாதடி! கரடின்னா மூஞ்சி இருக்கு, என்ன நெனைக்குதுன்னு பாத்தாத் தெரியும். இதுக்கு மூஞ்சியும் இல்ல, சத்தமும் இல்ல. எப்பச் சட்டைக்குள்ள நுழையும்னு யாரு கண்டா?”

போன வாரம் கரடியே வந்தது. ஆண்கள் வலை பார்க்கப் படகில் போயிருந்தார்கள். மீன் காயும் பரணில் அது வாய் வைத்தது. பரணுக்குப் பின்னால் கூடாரம். உள்ளே பெர்சிஸின் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பெர்சிஸ் துப்பாக்கியைத் தூக்கினாள். மீனோடு போய்விட்டால் சரி, கூடாரப் பக்கம் திரும்பினால் சுட்டே ஆகவேண்டும். கை கொஞ்சம் உதறினாலும் குண்டு கூடாரத்துக்குள் போகும்.

அந்த நேரம் பார்த்து வந்தது வெள்ளைப் பூச்சி. மீன் ரத்தம் காயாத அவள் விரலில், விசைமேல் வைத்திருந்த அதே விரலில், உட்கார்ந்தது. மெல்லிய குழாயை நீட்டி உறிஞ்சவும் தொடங்கியது.

“அண்ணி, அசையாதீங்க... உங்க கால்ல விழறேன்,” என்றாள் பக்கத்தில் நின்ற டாப்ஸி.

பெர்சிஸ் விரலைப் பார்க்காமல் கரடியையே பார்த்தாள். விரல் அசையவில்லை. கரடி தலையைத் தூக்கிக் கூடாரத்தை மோப்பம் பிடித்தது. உள்ளே குழந்தை சிணுங்கியது. கடவுளே! கரடி நின்றது, பிறகு என்ன நினைத்ததோ, ஒரு மீனைக் கவ்விக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

டாப்ஸி துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு, ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி வந்தாள். பெர்சிஸ் குழந்தையை வாங்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு அந்த விரலை மட்டும் நீட்டினாள்.

“மொதல்ல இத எடுடி.”

பூச்சி எப்போதோ பறந்துபோயிருந்தது. டாப்ஸி சிரிக்கவில்லை. குழந்தையை இடுக்கிக்கொண்டு குனிந்து, அந்த வெறும் விரலில் ஃபூ என்று ஊதினாள்.