பழுகாமத்திலிருந்து பரதத்துக்கு ஒரு பஸ்

ஓர் ஆட்டத்தைப் பழக இன்னொன்றை விடத்தான் வேண்டுமா? சனிக்கிழமை முழுவதும் இந்தக் கேள்வியோடு அலைந்தேன்.

காலை ஆறரை. பழுகாமத்திலிருந்து மட்டக்களப்புக்கு முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. ஏழு வயது மகள் தாரணிக்கு நடன வகுப்பில் முதல் நாள். பட்டிருப்புப் பாலம் வருமுன்பே, தண்ணீர்ப் போத்தல் இருக்கிறதா என்று இரண்டு தரம் பையைத் திறந்துவிட்டேன். அவளோ வாவியைப் பார்க்காமல் காலை ஆட்டிக்கொண்டு வந்தாள். கோயில் திருவிழாவில் அவளுடைய அப்பா ஆடும் வடமோடிக் கூத்தில் அவளுக்கும் ஒரு சிறு வேடம். ஒத்திகைத் தாளம் காலை விட்டு இறங்குவதில்லை.

களுவாஞ்சிக்குடியில் ஏறிப் பக்கத்தில் அமர்ந்த காத்தான்குடிப் பெண் கேட்டார்: "புள்ளக்கு என்னகா, எறும்பு கடிச்சிட்டா?"

"டான்ஸ் பழகப் போறா."

"பழகப் போறாவா? பழகிட்டுத்தானே வாறா!"

எட்டரை. வகுப்புச் சுவரில் படங்கள். டீச்சர் ஒவ்வொன்றாகக் காட்டினார். பரதநாட்டியம் கோயிலிலும் அரசவையிலும் ஆடிய சதிரிலிருந்து வந்தது. கதக், வடக்கில் கதை சொல்லித் திரிந்தவர்களுடையது. குச்சிப்புடி, ஆந்திராவில் ஓர் ஊரார் ஆடிய நாட்டிய நாடகம், ஊர்ப் பெயரே ஆட்டத்தின் பெயர்.

"அப்ப பழுகாமம் எண்டு ஒரு ஆட்டம் ஏன் இல்ல டீச்சர்?" என்றாள் தாரணி. டீச்சர் சிரித்துவிட்டார்.

முழங்காலை வெளிப்பக்கம் மடித்து அரைமண்டியில் நின்று காலைத் தட்டச் சொன்னார். நன்றாகத்தான் தட்டினாள். முடிக்கும்போது கூத்துப் பழக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றித் துள்ளி, டீச்சருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"டீச்சர், இவ பஸ்ஸுக்கு ஓடுறா!" என்று ஒரு சிறுமி கத்த, வகுப்பே சிரித்தது. தாரணியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

டீச்சர் என்னைத் தனியே அழைத்தார். "கெட்டிக்காரி. கூத்தும் பிழையில்ல. ஆனா ரெண்டையும் ஒண்டாப் பழகினா கால் குழம்பும். ஒரு வருஷம் கூத்த விடட்டும். மறுகா பாப்பம். அடுத்த கிழமை முடிவச் சொல்லுங்க."

திருவிழாவுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

பதினொரு மணி பஸ்ஸில் கணவர் போன் எடுத்தார். "எப்பிடி, பிடிச்சிதா?" "ஓம்" என்றேன். மிச்சத்தைச் சொல்லவில்லை. பக்கத்தில் தாரணி இரண்டு முழங்காலையும் கையால் அழுத்திப் பிடித்தபடி இருந்தாள்.

"என்ன மகள், நோகுதா?"

"இல்லம்மா. துள்ளக் கூடாது எண்டு டீச்சர் சொன்னவ. இது தானாத் துள்ளுது."

டீச்சர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். நான் தொழில் தெரிந்தவள் அல்ல. உங்கள் வீட்டில் கூத்தும் பரதமும் சேர்த்துப் பழகிய பிள்ளைகள் இருந்தால், கால் உண்மையிலேயே குழம்பியதா என்று எழுதுங்கள். ஒரு வருடம் மட்டும் என்று சொல்லிக் கூத்தை நிறுத்தியிருந்தால், அந்தப் பிள்ளைகள் மறுபடி கூத்துக் களரி ஏறினார்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.